கோல்பேஸ் ஹோட்டலில் அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி

போன மாதம் அம்மாவை முதன்முதலாகக் கோல்பேஸ் ஹோட்டலுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து முப்பத்தைந்து வருடம். ஞாயிறு பின்னேரம் என்றால் பஸ் ஏறிக் கடலோரப் புல்வெளியான காலி முகத்திடலுக்குத்தான். பட்டம், இறால் வடை, முழங்கால் வரை உப்புத்தண்ணி. திடலின் தெற்கு மூலையில் அந்தப் பெரிய கட்டடம் எப்போதும் நின்றது. உள்ளே போக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. வெள்ளை உடுப்பும் முறுக்கு மீசையுமாக வாசலில் நின்ற வாயிற்காப்பாளர் குட்டனைத் தூரத்தில் பார்ப்பதோடு சரி. தன்னைப் பார்த்துக் கும்பிட்டார் என்று தம்பி இன்றைக்கும் சாதிப்பான்.

உள்ளே போனால் பெயர்கள்தான் முதலில் வரவேற்கின்றன. ஜப்பானின் ஹிரோஹிட்டோ, விண்வெளி வீரர் யூரி ககாரின், ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்ட் என்று வந்து போனவர்களின் பட்டியல். இளவரசர் பிலிப் 1940-ல் இங்கே கடற்படையில் இருந்தபோது வாங்கிய பழைய ஸ்டாண்டர்ட் காரையும் வைத்திருக்கிறார்கள். அம்மா காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஓடுமோ?" என்றார்.

எனக்கு இந்தப் பட்டியல் வரலாற்றில் கொஞ்சம் சலிப்பு உண்டு. யார் படுத்து எழும்பினார்கள் என்பதா ஒரு ஹோட்டலின் கதை? இது தொடங்கிய 1864-ல் இலங்கையில் தேயிலைத் தோட்டமே இல்லை. அது கோப்பிக் காலம். தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுக்குள் நடந்து வந்தவர்கள் மலையில் கோப்பி பறித்தார்கள், வழியில் செத்தும் போனார்கள். அந்தக் கோப்பிக் காசு புரண்ட கொழும்பில்தான் நான்கு ஆங்கிலேயர்கள், ஒல்லாந்தர் கால வீடு ஒன்று இருந்த இடத்தில், இதைத் தொடங்கினார்கள். நாட்டின் முதல் ரயில் அம்பேபுஸ்ஸ வரை ஓடியதும் அதே வருடக் கடைசியில். சுயஸ் கால்வாய் திறந்தது 1869-ல். கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டி, தெற்கே காலித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல்கள் இந்தப் பக்கம் திரும்பிய பிறகு ஹோட்டலுக்கு நல்ல காலம். 1894-ல் எட்வர்ட் ஸ்கின்னர் என்ற கட்டடக் கலைஞரை வைத்துப் பெரிதாக்கினார்கள்.

'சுயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஹோட்டல்' என்று ஒரு பெருமை சொல்வார்கள். கல்கத்தாக்காரர்கள் காதில் விழாமல் சொல்ல வேண்டும். அங்கே கிரேட் ஈஸ்டர்ன் 1840-களிலேயே வந்துவிட்டது.

பழமையை விடுங்கள். இந்த ஹோட்டலின் சொத்து அதற்குச் சொந்தமில்லாத அந்தப் புல்தரைதான் என்பேன். கோட்டைப் பீரங்கி சுடுவதற்கு மறைப்பில்லாமல் ஒல்லாந்தர் வெளியாக்கி வைத்த நிலம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859-ல் கடலோர நடைபாதையைக் கட்டி முடித்து, கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காக இதைப் பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கல்லில் பொறித்து வைத்தார். அவர் மனதில் இருந்தது வெள்ளைக்காரச் சீமாட்டிகளாக இருக்கலாம். அனுபவித்தது என் அம்மா.

சரி, வடக்கு முனைக்கு வருவோம். அங்கே பழைய பாராளுமன்றம், இப்போது ஜனாதிபதி செயலகம். 1956 ஜூன் 5, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் அங்கே வந்த நாளில், செல்வநாயகமும் தமிழரசுக் கட்சியினரும் இந்தத் திடலில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். கும்பல் வந்து அடித்தது. ஹோட்டலுக்கும் அந்த இடத்துக்கும் இடையே வெறும் புல்தான். 2022-ல் அதே புல்லில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்று போராடியவர்களின் 'கோட்டா கோ கம' கூடாரங்கள். மே 9 அங்கேயும் அரசாங்க ஆதரவாளர்கள் வந்து அடித்தார்கள். ஒன்பது நாள் கழித்து அதே இடத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. கொழும்பின் நடுவில், பகிரங்கமாக! ககாரின் வந்ததைச் சொல்கிற வாய் இதையும் சொல்ல வேண்டாமா?

குட்டனை அவர்கள் மறக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். கேரளத்திலிருந்து வந்து 1942-ல் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர், 2014-ல் தொண்ணூற்று நான்கு வயதில் இறக்கும்வரை இந்த ஹோட்டலின் ஆள். எழுபது வருடத்துக்கு மேல். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்க வேண்டும்.

அன்றைக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையில், கடல் பார்த்த கதிரையில் அம்மாவை இருத்தினேன். வீதிக்கு அப்பால் ஷங்ரி-லாவின் கோபுரங்கள். முன்னால் கடல் மட்டும் பழையபடி. பொழுதுபட பேக்பைப் வாசித்துக் கொடியிறக்கினார்கள். அம்மா அதைக் கவனிக்கவில்லை. திடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயிருந்து பார்த்தா நாங்கள் இவ்வளவு சின்னனாவே தெரிஞ்சிருப்பம்?"

பில்லை அவர் கண்ணில் காட்டாமல் கட்டினேன். வெளியே வந்ததும் நேரே வடை வண்டிக்குப் போய்விட்டார். "ரெண்டு தாங்கோ தம்பி. நல்லா மொறுமொறுப்பாய் இருக்கிறதாய்ப் பார்த்து."