விளம்பரத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூல்

மென்பொருள் நிறுவனம் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மார்க்கெட்டிங்குக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?" முதல் பத்து வாடிக்கையாளர் கிடைக்கும்வரை ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்பேன். சிலருக்குக் கோபமே வருகிறது.

ஈரோட்டு ஜவுளிக் கடைகளை நம்பி நாங்கள் பில்லிங் மென்பொருள் செய்தபோது, இணைய விளம்பரத்தில் 40,000 ரூபாய் போட்டோம். இருநூறு பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். காசு கட்டியவர் ஒருவரும் இல்லை. ஏன் என்று உரிமையோடு கேட்க, அதில் எங்களுக்குப் பழக்கமானவர் யாருமில்லை.

கடைசியில் ஒரு மொத்தக் கடையில் கெஞ்சி அனுமதி வாங்கி, இரண்டு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கணக்கு பார்க்கும் அண்ணன் எங்கள் மென்பொருளில் பில் போட்டார். உடனே மேசைக்கு அடியிலிருந்து நீள நோட்டை எடுத்து அதே தொகையை எழுதினார். ஏனென்று கேட்டேன்.

"பில்லு போடறது ஒரு வேலையே இல்லீங்க தம்பி. காலைல வந்ததும் யாரு எவ்வளவு பாக்கின்னு தெரியோணும்."

பாக்கிப் பட்டியல் எங்களிடமும் இருந்தது, மூன்று மெனு தாண்டி உள்ளே. அதை முதல் திரைக்குக் கொண்டுவந்தோம். பக்கத்துக் கடைக்கு எங்களைக் கூட்டிப்போனது அந்த அண்ணன்தான்.

இணையத்தில் பணம் வாங்க உதவும் ஸ்ட்ரைப் நிறுவனத்தைத் தொடங்கிய கொலிசன் சகோதரர்களும் இப்படித்தான் ஆள் பிடித்தார்கள். யாராவது பார்க்கிறேன் என்று சொன்னால், லிங்க் அனுப்புகிறோம் என்று விடமாட்டார்கள். லேப்டாப்பை அங்கேயே வாங்கி நிறுவிக் கொடுப்பார்கள். அதற்குக் 'கொலிசன் இன்ஸ்டாலேஷன்' என்றே பெயர் வந்தது. வீடுகளைத் தங்க வாடகைக்கு விடும் இணையதளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள் 2009இல் நியூயார்க்கில் வீடு வீடாகப் போய், தளத்தில் போட அந்த வீடுகளைத் தாங்களே படம் எடுத்தார்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று கேட்கலாம். நியாயம்தான். 2010இல் சென்னையில், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதத்தின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி. ஆனால் அவருக்கு அந்த யோசனை வந்ததே, வேறொரு நிறுவனம் விலையை ஏற்றியதில் அதன் வாடிக்கையாளர்கள் கொதித்து எழுதியதைப் படித்துத்தான். யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது, மென்பொருள் எழுதும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வலியைக் கண்டுபிடிக்கும் வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய முடியாது, நிறுவனரேதான் செய்ய வேண்டும்.

ஈரோடு, திருப்பூர் பக்கம் முதல் வாடிக்கையாளரைத் தேடுபவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். தெரிந்த கடைகளில் பேசி உட்கார இடம் வாங்கித் தருகிறேன்.