டேட்டா மலிவுதான், சிம்மை உயிரோடு வைத்திருக்கத்தான் காசு

உலகிலேயே டேட்டா மலிவாகக் கிடைக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் மறுப்பதில்லை. உண்மைதான். ஆனால் அந்த மலிவு தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி தீர்ப்பவருக்கு. நெட் எதுவும் வேண்டாம், நாலு பேர் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், பேங்கிலிருந்து ஓடிபி வர வேண்டும், அவ்வளவுதான் என்று பட்டன் போன் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குச் செலவு ஏறிக்கொண்டேதான் போயிருக்கிறது.

இத்தனைக்கும் இந்த நாட்டில் செல்போன் பரவியதே அவரைப் போன்றவர்களால்தான்.

1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அந்தக் காலத்தில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை ஆகும். வரும் அழைப்புக்கும் காசு. அது அப்படியே இருந்திருந்தால் செல்போன் பெரிய மனிதர்களின் சட்டைப் பையைத் தாண்டியிருக்காது. 1999ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. நிறுவனங்கள் லைசென்ஸுக்கென்று பெருந்தொகையாகக் கட்டிக்கொண்டிருந்தது போய், வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றானது. 2003ல் வரும் அழைப்பு இலவசமானது. அதே வருடம் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசியைக் கையில் கொடுத்தது. 2009ல் டாடா டோகோமோ வினாடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பிக்க, மற்றவர்களும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார்கள்.

ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது 10 ரூபாய் டாப்-அப். அன்றைய கூலியில் பத்து ரூபாயைப் பெட்டிக்கடையில் கொடுத்தால் அன்றைக்குப் பேச முடிந்தது. காசே இல்லாத அன்று மிஸ்டு கால். பத்து பைசா செலவில்லாமல் "வந்து சேர்ந்துவிட்டேன்", "கூப்பிடு" என்று தகவல் சொல்ல மக்களே கண்டுபிடித்த வழி அது. அதை வைத்தே பெங்களூரில் ஸிப்டயல் என்று ஒரு கம்பெனி நடந்தது. 2015ல் அதை ட்விட்டர் விலைக்கு வாங்கியது என்பது தனிக் கதை.

கூப்பிடவே செய்யாத வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு கம்பெனிக்கு என்ன லாபம் என்று தோன்றும். லாபம் இருந்தது. கூப்பிடுபவரின் நெட்வொர்க், எடுப்பவரின் நெட்வொர்க்குக்கு நிமிஷக் கணக்கில் ஒரு கட்டணம் தர வேண்டும் என்பது அன்றைய விதி. முதலில் 30 பைசா, 2009ல் 20, 2015ல் 14. ஊரிலிருக்கும் அம்மாவை வேறு நெட்வொர்க்கிலிருந்து மகன் அரைமணி நேரம் கூப்பிட்டுப் பேசினால், அம்மாவின் கம்பெனிக்குச் சில ரூபாய் வரும். அம்மா ரீசார்ஜே செய்யாவிட்டாலும் அவர் நம்பரை உயிரோடு வைத்திருப்பதில் அவர்களுக்கு நஷ்டமில்லை. 'லைஃப்டைம்' சிம் என்று கூவிக்கூவி விற்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 6 பைசாவாகக் குறைத்தது. 2021 ஜனவரி முதல் பூஜ்யம். இன்டர்நெட் வழியாகக் குரல் போகும் காலத்தில் நிமிஷக் கணக்கு எதற்கு என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிவோடு, வரும் அழைப்பை மட்டும் நம்பியிருந்தவர் வருமானம் தருபவர் என்பதிலிருந்து இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர் ஆகிவிட்டார். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. 6 பைசாவான அடுத்த வருடமே, 2018 இறுதியில், குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்தது. 28 நாளைக்கு 35 ரூபாய் போடாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும். அது 49 ஆகி, 79 ஆகி, 99 ஆகி, 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு ஏர்டெல்லின் 28 நாள் பேக் 199 ரூபாய். இப்போது அதில் அன்லிமிடெட் கால் உண்டு, 2 ஜிபி உண்டு, 35 ரூபாயில் அதெல்லாம் இல்லை என்பீர்கள். சரி. வேண்டாம் என்பவரிடமும் கொடுத்துக் காசு வாங்கினால் அது சலுகையா?

எதிர்த்துப் போக இடமும் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுத்ததில் டேட்டா விலை சரிந்தது நிஜம். கூடவே கம்பெனிகளும் சரிந்தன. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் படுத்தபோது தமிழ்நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே நம்பரோடு வேறு நெட்வொர்க்குக்குப் போர்ட் செய்ய எஸ்எம்எஸ் அனுப்பக்கூட சிக்னல் இல்லாமல் கடைவாசலில் கூட்டம் நின்றது. அப்புறம் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இப்போது தனியாரில் மூன்று பேர், அதில் ஒருவர் கடனில் மூழ்கியவர். அந்த வோடபோன் ஐடியாவில் கிட்டத்தட்ட 49 சதவீதப் பங்கு மத்திய அரசிடம். பிஎஸ்என்எல் அரசுடையது. மற்றவர்களின் வருமானத்திலும் அரசுக்கு லைசென்ஸ் கட்டணமாகப் பங்கு போகிறது. ரீசார்ஜ் விலை ஏறினால் கஜானாவுக்கு நல்லது என்றிருக்கும்போது விலையைக் கட்டுப்படுத்த யாருக்கு அவசரம்?

2024 விலையேற்றத்தில் கோபப்பட்டுச் சில மாதங்கள் லட்சக்கணக்கானோர் பிஎஸ்என்எல்லுக்கு மாறினார்கள். 4ஜி இல்லாமல் அந்த அலை அடங்கிப்போனது. நாடு முழுக்க பிஎஸ்என்எல் 4ஜியைத் தொடங்கிவைத்தது 2025 செப்டம்பரில். தனியார் 5ஜி ஆரம்பித்து கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆன பிறகு!

பிராட்பேண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டில் பிராட்பேண்ட் சந்தாக்கள் 90 கோடிக்கு மேல் என்று 2025 தொடக்கத்தில் அரசு காட்டிய எண்ணில், வீட்டுக்குக் கம்பி வழியாக வந்தது சுமார் 4 கோடிதான். மீதியெல்லாம் அநேகமாக இதே சிம்தான். 2011ல் ஒப்புதல் பெற்ற கிராம ஃபைபர் திட்டம், பாரத்நெட் என்று பெயர் மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே ரீசார்ஜ் தீர்ந்தால், கம்பி வராத வீட்டில் பேச்சும் போகும், பிள்ளையின் பாடமும் போகும்.

டிராய்க்கு இது தெரியாமல் இல்லை. பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் கட்டாயம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. நிறுவனங்கள் என்ன செய்தன? ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. ஏர்டெல் 84 நாளுக்கு 469, வருடத்துக்கு 1,849. நாளுக்கு ஐந்து, ஐந்தரை ரூபாய்தானே என்று கணக்குப் போடலாம். தினக்கூலி வாங்குபவர் அந்த 450 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். 10 ரூபாய் டாப்-அப் ஜெயித்தது விலை குறைவு என்பதால் இல்லை, கையில் இருக்கும் காசுக்குள் அடங்கியதால்.

28 நாள் கணக்கு வைத்து வருடத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் செய்ய வைக்கிறார்கள் என்று புகார் வந்தபோது, 30 நாள் பேக் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்று 2022ல் இதே டிராய்தான் சொன்னது. அதே விதியைப் பேச்சு மட்டும் பேக்குக்கும் போட்டால் போதும். 30 நாளுக்கு ஒன்று, முடிந்தால் ஒரு வாரத்துக்கு ஒன்று. அடுத்த விலையேற்றம் வருவதற்குள் போட்டால் இன்னும் நல்லது.