முகம் தெரியவில்லையாம்!

"சார், நீங்க குடுத்த மூணு போட்டோவும் ரிஜெக்ட் ஆயிடுச்சு. எதுலயும் அவர் முகம் தெரியலை."

போனில் இதைச் சொன்னவர் மல்யுத்தச் சங்க அலுவலகத்தில் 'ஆயுட்கால சேவை' விருதுக்கான விண்ணப்பங்களைப் பார்க்கிறவர். எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். இந்த விளையாட்டில் கொஞ்ச காலம் புழங்கிய யாரும் "இது எங்க சங்கம்தானே?" என்றுதான் கேட்பீர்கள்.

நான் சொன்னேன்: "அவர் ரெஃப்ரி சார். ஃபால் பார்க்கும்போது எடுத்த போட்டோ. குப்புறப் படுத்திருப்பார்."

"அதான் சார், முகம் தெரியலையே."

போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் கோபமே வந்தது.

மல்யுத்தம் பார்த்திராதவர்களுக்காக ஒரு நிமிடம். ஒருவன் எதிராளியைப் புரட்டிப் போட்டு அமுக்குகிறான். இரண்டு தோளும் விரிப்பில் ஒருசேரப் பதிந்தால் அதுதான் ஃபால். ஆட்டம் அங்கேயே முடிந்தது, அதுவரை எத்தனை புள்ளி என்பதெல்லாம் கணக்கில்லை. ஆனால் கீழே கிடப்பவன் சும்மா கிடப்பானா? கழுத்தை வில்லாக வளைத்துப் பாலம் கட்டுவான். ஒரு தோள் ஒட்டியிருக்கும், மற்றதற்கும் விரிப்புக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி இருக்கிறதா போய்விட்டதா என்று நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் நடுவர் விழுந்து படுப்பார். கன்னத்தை விரிப்பில் ஒட்டி, முந்நூறு பேருடைய வியர்வை ஊறிய அந்த ரப்பரில் மூக்கு உரச, தோளுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். ஆட்டக்காரன் உதைத்தால் அவர் மேலும் படும். பக்க நடுவரோ களத் தலைவரோ தலையசைத்ததும் உள்ளங்கையால் விரிப்பில் ஓர் அறை, ஒரு விசில்.

அந்த நொடியில் எடுக்கிற படத்தில் முகம் எப்படி ஐயா தெரியும்? முதுகு தெரியும். ஷூவின் அடிப்பாகம் தெரியும். இடக்கையில் சிவப்புப் பட்டை, வலக்கையில் நீலப் பட்டை தெரியும். முப்பது வருடமாக இவர் இருக்கிற எல்லாப் படத்திலும் அவ்வளவுதான். பத்திரிகைக்காரன் படம் எடுத்தது ஜெயித்தவனை. இவர் அதில் ஓரத்தில் கிடக்கிற ஒரு முதுகு.

சரி, இனிமேல் ஒரு போட்டியில் கேமராவைப் பார்க்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டேன். "தோள் ஒட்டுற நேரத்துல கேமராவைப் பார்க்கச் சொல்றியா தம்பி?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரல். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

முகம் தெரியாத கதை போகட்டும், அந்தப் படிவத்தைப் பார்த்தீர்களா? "தாங்கள் இவ்விளையாட்டுக்கு ஆற்றிய அரும்பணிகளைத் தாங்களே விவரிக்கவும்." தாங்களே! நாளெல்லாம் "நான் யாருக்கும் வேண்டியவனில்லை" என்று காட்டுவதையே தொழில் தர்மமாக வைத்திருந்த மனிதரிடம், கடைசியில் "நான் எவ்வளவு பெரிய ஆள்" என்று நீயே எழுதிக்கொடு என்கிறார்கள். கூடவே பணியாற்றிய ஒவ்வொரு போட்டிக்கும் சான்றிதழ் நகல், அதில் அன்றைய செயலாளரின் கையெழுத்து. அந்தச் செயலாளர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. அப்போதெல்லாம் நடுவருக்குச் சான்றிதழ் யார் கொடுத்தார்கள்? வந்துபோகும் படிக்காசு கிடைத்தாலே பெரிது. அந்தக் காகிதங்கள் இருக்க வேண்டிய இடம் சங்கத்தின் பீரோ. பீரோ சாவியைத் தொலைத்தவர்கள் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்கள்.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக். கிரீகோ-ரோமன் (இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாத மல்யுத்தம்) அதிக எடைப்பிரிவு இறுதி ஆட்டம். ரஷ்யாவின் அலெக்சாண்டர் கரேலின், 1988, 1992, 1996 என்று மூன்று தங்கம், பதின்மூன்று வருடம் சர்வதேச ஆட்டத்தில் தோல்வியே காணாத மனிதர். எதிரே அமெரிக்காவின் ருலான் கார்ட்னர், பெரிதாக யாருக்கும் தெரியாதவர். ஆட்டம் 1-0 என்று கார்ட்னருக்குப் போனது. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது? இரண்டாம் பாதியில் இருவரும் கட்டிப்பிடித்து நிற்க வேண்டிய கட்டம். கரேலினின் கைப்பிடி ஒரு கணம் அவிழ்ந்தது. பிடி அவிழ்ந்தால் புள்ளி எதிராளிக்கு என்பது விதி. கரேலின் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படாமல், விதிப்படி அந்தப் புள்ளியைக் கொடுத்தது ஒரு நடுவர் குழு. கார்ட்னர் பெயர் உலகத்துக்குத் தெரியும். அந்தப் புள்ளியைக் கொடுத்தவர்களின் பெயர் தெரிந்தவர் கை தூக்குங்கள் பார்க்கலாம். எனக்கும் தெரியாது. இருபத்தைந்து வருடமாக அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கே தெரியாது!

இன்னொன்று. இந்த விளையாட்டின் விதிகள் எத்தனை தடவை மாறியிருக்கின்றன என்று சங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நினைவிருக்கிறதா? 2005-இல் ஆட்டத்தை இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்றாக வெட்டினார்கள். மூன்றில் இரண்டு சுற்று ஜெயித்தவன் வெற்றி. சமநிலை என்றால் பையில் கைவிட்டு நிறப் பந்தை எடுத்து, யாருக்கு யார் காலைப் பிடிக்கிற சலுகை என்று முடிவு செய்கிற கூத்தெல்லாம் நடந்தது. 2013 பிப்ரவரியில் ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு மல்யுத்தத்தையே 2020 பட்டியலிலிருந்து தூக்கலாம் என்று சொன்னதும் எல்லோருக்கும் உயிர் போனது. அவசர அவசரமாக விதிகள் மாறின. மூன்று மூன்று நிமிடமாக இரண்டு பாதி, புள்ளிகள் எல்லாம் ஒரே கூட்டல், எதிராளியைக் கீழே தள்ளினால் ஒன்றுக்குப் பதில் இரண்டு. அந்த செப்டம்பரில் பியூனஸ் அயர்ஸில் ஓட்டுப் போட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

காப்பாற்றியது யார் என்று மேடைதோறும் பெரிய பெயர்களாக அடுக்குகிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் புதிய விதி அச்சாகி வந்த வாரமே அதைப் பிள்ளைகளின் ஆட்டத்தில் நடைமுறைப்படுத்தியது யார்? ஐம்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, கைச்சைகையை மாற்றிப் பழகியவர்கள். எங்கள் ரெஃப்ரி சார் அந்தக் காலத்தில் வீட்டுக் கண்ணாடி முன் நின்று இரண்டு விரல் தூக்கிப் பழகினார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார். இத்தனை வருடப் பழக்கத்தில் ஒற்றை விரல்தான் தானாக எழுமாம்.

இப்போது பயிற்சியாளர்கள் பக்கம் வருகிறேன். அவர்கள் நிலைமை மட்டும் என்ன வாழ்கிறது?

ஒலிம்பிக் மேடையில் பயிற்சியாளருக்குப் பதக்கம் கிடையாது. ஆட்டக்காரன் ஆசைப்பட்டுத் தன் பதக்கத்தைக் கழற்றி மாட்டிவிட்டால்தான் உண்டு. அதனால்தான் இந்த விருதுகளே தேவைப்படுகின்றன. விருதுகள் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டில்வாட்டரில் இருக்கிற தேசிய மல்யுத்தப் புகழரங்கம் பயிற்சியாளர், நடுவர் இரு தரப்புக்குமே ஆயுட்கால சேவை என்ற பெயரிலேயே விருது தருகிறது. இந்தியாவில் துரோணாச்சாரியார் விருது 1985-இல் வந்தது, முதல் வருடமே மல்யுத்தப் பயிற்சியாளர் பாலச்சந்திர பாஸ்கர் பாகவத்துக்குக் கொடுத்தார்கள். 1901-இல் பிறந்த மல்யுத்த ஆசான் குரு ஹனுமானுக்கு அது 1987-இல் வந்தது. எண்பத்தாறு வயதில்! அதுவும் பயிற்சியாளர்களுக்கான விருது. நடுவர் அந்த வாசலில் நிற்கவே முடியாது.

விருது யாருக்குப் போகிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பதக்க நாளன்று மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குப் போகிறது. பத்து வயதில் அழுதுகொண்டு வந்த பையனுக்கு முதலில் விழக் கற்றுக்கொடுத்தாரே, அவருக்கு? ஆமாம், விழ. எதிராளியைத் தூக்குவது அப்புறம். தாடையை நெஞ்சில் ஒட்டி, கையை ஊன்றாமல், முதுகு உருண்டு விழுவதைத்தான் முதல் சில மாதம் சொல்லித்தருவார்கள். கையை ஊன்றினால் முழங்கை போகும். உலகப் பதக்கம் வாங்கினவனின் முழங்கை இன்றும் முழுசாக இருப்பதற்குக் காரணம் அந்த முதல் வாத்தியார். படிவத்தில் அவருக்கு ஒரு கட்டம் உண்டா? "தங்களிடம் பயின்று சர்வதேசப் பதக்கம் வென்றோர் பட்டியல்" என்று கேட்கிறார்கள். நல்ல பையனாகப் பார்த்து, "நீ பெரிய இடத்துக்குப் போடா" என்று தானே அனுப்பிவைத்த வாத்தியாரின் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். போகவிடாமல் பிடித்துவைத்துக்கொண்டவனுக்குப் பட்டியல் நீளும். என்ன நியாயம் இது?

அப்படியே தப்பித்தவறி விருது கொடுத்தாலும், கொடுக்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. என் மாஸ்டருக்குக் கொடுத்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் விழா. அவரைப் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது இரண்டரைக்கு. அதுவரை வார்ம்-அப் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதையும் நடுவில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயரை அழைத்தார்கள், அதுவும் தப்பாக. விருந்தினரும் நிர்வாகிகளும் ஷூவோடு தடதடவென்று விரிப்பின் மேல் ஏறிப்போய் நடுவட்டத்தில் நின்றார்கள். ஷூவோடு! தெருவில், கழிப்பறையில் மிதித்த ஷூவோடு! விரிப்பில் ஏறுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாலே எங்களைத் தோப்புக்கரணம் போடவைத்த மனிதர் அவர். படர்தாமரை ஒருத்தனுக்கு வந்தால் கூடம் முழுக்க வரும் என்று தினமும் இரண்டு வேளை கிருமிநாசினி போட்டுத் துடைக்கவைத்தவர்.

அவர் விரிப்பின் ஓரத்தில் நின்றுவிட்டார். குனிந்து செருப்பைக் கழற்றினார். முட்டி ஒத்துழைக்கவில்லை, இரண்டு காலையும் கழற்ற நேரமானது. மைக்கில் "சீக்கிரம் வாங்க மாஸ்டர், டைம் ஆகுது" என்கிறார்கள். வெறுங்காலோடு போனார். கேடயத்தைக் கையில் திணித்து, நால்வர் கேமராவைப் பார்த்துச் சிரித்து, ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. அவரைப் பேசச் சொல்லவில்லை. நாற்பது வருடத்தைப் பற்றி ஒரு வரி வாசிக்கவில்லை. இறங்கி வந்ததும் என்னிடம் கேடயத்தைக் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் வார்த்தை: "ஃபைனலுக்கு முன்னாடி மேட்டைத் துடைக்கச் சொன்னியா?"

துடைத்தோம். நானும் இரண்டு பையன்களும்.

"சேவை செய்கிறவன் விருதை எதிர்பார்க்கலாமா?" என்று தத்துவம் பேச வருகிறவர்களுக்கு: அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. படிவம் வாங்கிவந்தது நான். கொடுக்கப்போகிறோம் என்று விளம்பரம் செய்தது நீங்கள். கொடுப்பதென்றால் ஒழுங்காகக் கொடுங்கள், இல்லையென்றால் அந்த மனுஷனை அவர் பாட்டுக்கு விசில் ஊத விடுங்கள்.

இதில் எனக்கும் பங்கிருக்கிறது, மறைப்பானேன். ஆடுகிற காலத்தில் இதே ரெஃப்ரி சாரை நான் கண்டபடி ஏசியிருக்கிறேன். வட்டத்துக்கு வெளியே என் கால் போனது என்று ஒரு புள்ளி கொடுத்தார், தோற்றேன், ஊரே கேட்கிற மாதிரி கத்தினேன். 2016 ரியோவில் மங்கோலியப் பயிற்சியாளர்கள் இருவர் தீர்ப்பை எதிர்த்துச் சட்டையைக் கழற்றி வீசினார்களே, அந்தக் காட்சியை இன்னும் சிரித்துச் சிரித்துப் பகிர்கிறோம். பயிற்சியாளரும் நடுவரும் நம் கண்ணில் படுவது இந்த மாதிரி நாளில் மட்டும்தான். என் ஆட்டத்தின் வீடியோ பல வருடம் கழித்துக் கிடைத்தது. கால் வெளியேதான் இருந்தது. ஒரு குதிகால் முழுசாக. அவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அந்த ஆட்டமே நினைவில்லை.

நேற்று அந்த மூன்று படங்களையும் மறுபடி அனுப்பினேன். சிவப்புப் பேனாவால் முதுகைச் சுற்றி வட்டம் போட்டு, "இவர்தான்" என்று எழுதி. கூடவே அவருடைய பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று. இன்று காலை திரும்பவும் போன். படம் ஓகேவாம். இப்போது வேறு சிக்கல்.

"ஆயுட்கால சேவைன்னு போட்டிருக்கீங்க. ஓய்வு பெற்ற தேதி காலியா இருக்கே சார்?"

"அவர் இன்னும் ஓய்வு பெறலை."

"அப்போ அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினைந்து வயதுக்குட்பட்டோர் போட்டி. காலை ஆறு மணிக்கு எடை பார்க்க வேண்டும், நகம் பார்க்க வேண்டும், தோல் பார்க்க வேண்டும். ஆள் பற்றாக்குறை, கட்டாயம் வந்துவிடுங்கள் என்று ரெஃப்ரி சாருக்கு நேற்றிரவே போன் போயிருக்கிறது. அதே அலுவலகத்திலிருந்து, அதே ஆள்தான் பேசினாராம்.