டாஷ்கேம் (வண்டி முன் கண்ணாடில மாட்டுற கேமரா) உள்ள இருக்கிற பேட்டரி நைட்டு முழுக்க தாங்காது
மேல ஒருத்தர் "டாஷ்கேம்ல பேட்டரி உள்ளயே இருக்கு, வண்டிய ஆஃப் பண்ணாலும் நைட்டு ஃபுல்லா ரெக்கார்ட் ஆகும்"னு போட்டிருக்காரு, தயவுசெஞ்சு இத நம்பி தெருவுல வண்டிய விட்டுட்டு தூங்காதீங்க. அந்த குட்டி பேட்டரி கடைசி வீடியோவ சேவ் பண்றதுக்குத்தான், சில நிமிஷம் ஓடுனாலே பெருசு, பேட்டரிக்கு பதிலா கெப்பாசிட்டர் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கரண்ட சேத்து வைக்கிற பார்ட்) இருக்கிற மாடல்னா சில செகண்ட்தான் (ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு அதான் நல்லது, லித்தியம் பேட்டரி உப்பிக்கும்). சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் நிறைய வண்டில சாவிய எடுத்தா கட் ஆயிடும்.

பார்க்கிங் மோடு (வண்டிய நிறுத்துனப்புறமும் ரெக்கார்ட் ஆகுறது) வேணும்னா வழக்கமான வழி ஹார்ட்வயர் கிட்தான், அதாவது கேமராவ வண்டி ஃபியூஸ் பாக்ஸ்ல நேரா இணைக்கிற ஒயர் செட். மூணு ஒயர், ஒண்ணு எப்பவும் கரண்ட் இருக்கிற ஃபியூஸுக்கு, ஒண்ணு சாவி போட்டா மட்டும் வர்றதுக்கு, ஒண்ணு பாடி எர்த்துக்கு. ஏர்பேக் ஃபியூஸ்ல மட்டும் கை வைக்கவே வைக்காதீங்க.

லோ வோல்டேஜ் கட் ஆஃப் (வண்டி பேட்டரி வோல்ட் இறங்குனா கேமராவுக்கு கரண்ட தானா நிறுத்துறது) இருக்கிற கிட்டா பாத்து வாங்கி 12.2 வோல்ட் மாதிரி செட் பண்ணுங்க. கேமரா 0.3 ஆம்ப் இழுத்தா ஒரு நாளைக்கே 7 ஆம்ப் அவர் போயிடும், சின்ன வண்டி பேட்டரில இருக்கிறதே சுமார் 35 தான், கட் ஆஃப் இல்லாம மூணு நாள் எடுக்காம விட்டா ஸ்டார்ட் ஆகாம போயிடலாம்.