அளவையியல் மெய்யியல் இல்லாமல் வேறென்னவாம்?

மேலே ஒரு தம்பி “இலங்கைப் பள்ளிக்கூடங்களில் மெய்யியல் (தத்துவம்) மருந்துக்கும் இல்லை, பிரான்சில் சின்ன வகுப்பிலிருந்தே படிப்பிக்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே பிழை தம்பி.

பிரான்சில் அது கட்டாயப் பாடமாக வருவது உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில்தான், அதற்கான 4 மணித்தியாலப் பரீட்சையும் அப்போதுதான்.

இங்கே இலங்கையில் உயர்தரக் (12, 13ஆம் வகுப்பு) கலைப்பிரிவில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்று ஒரு பாடம் எவ்வளவு காலமாக இருக்கிறது, தெரியாதா? அளவையியல் என்றால் தர்க்கம், ஒரு வாதம் சரியா பிழையா என்று பார்ப்பது. நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் டியூஷனில் படித்தது அதைத்தான். “மழை பெய்தால் முற்றம் நனையும், முற்றம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது” என்று சேர் கரும்பலகையில் எழுதிவிட்டு சரியா பிழையா என்று கேட்க, வகுப்பே சரி என்றது, பின்வாங்கிலிருந்த ஒருத்தி மட்டும் “அம்மா தண்ணி தெளிச்சிருந்தா, சேர்?” என்றாள். முற்றம் நனைய வேறு காரணமும் இருக்கலாம், ஆகவே அந்த வாதம் பிழை, அதுதான் பாடமே. அப்புறம் மூன்று கூற்றுகள் உண்மையாயும் பொய்யாயும் வரக்கூடிய எல்லா விதத்தையும் எழுதும் 8 வரி உண்மை அட்டவணை (அதைப் பார்த்துத்தான் கணக்கு என்று பயந்து ஓடுகிறார்கள்), பொய்ப்பித்தல் பற்றி, அதாவது ஒரு விஞ்ஞானக் கொள்கை பிழை என்று காட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்று, மெய்யியலாளர் பொப்பர் சொன்னது எல்லாம் வரும். இந்து நாகரிகம் எடுத்தவர்கள் சைவ சித்தாந்தமும் படிக்கிறார்கள், அதில் வரும் பதி பசு பாசம் (இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை) மெய்யியல் இல்லாமல் வேறென்ன?

ஒழுக்கவியலை எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாகப் படிப்பிப்பதில்லை என்று தம்பி நீங்கள் சொன்னதில் பாதி ஞாயம் இருக்கிறது. சாதாரண தரத்தில் (10, 11ஆம் வகுப்பு) சமயம் கட்டாயம், ஒழுக்கம் அதற்குள்ளேதான் பெரும்பாலும் வருகிறது, அதனால் சைவநெறிப் பிள்ளையும் இஸ்லாம் பிள்ளையும் அந்த நேரம் வேறு வேறு அறையில். எல்லாரும் ஒரே அறையில் இருந்து ஒழுக்கவியல் படிக்கவேண்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.