வில்லன் இல்லாத கதை ஒண்ணு எழுதுங்கப்பா

டீன் ஏஜ் கதைகள்ல ஹீரோவுக்கு வர்ற கான்ஃப்ளிக்ட், அதாவது போராட்டம், எத்தனை வகைன்னு கேட்டா இப்ப ஸ்கூல் பிள்ளைகளே கடகடன்னு ஒப்பிக்குதுக. மனுஷனுக்கும் மனுஷனுக்கும், சமூகத்தோட, இயற்கையோட, விதியோட, மெஷினோட, கடைசியா தனக்குள்ளயே. சரி, பட்டியல்ல தப்பில்ல. ஆனா அதை வச்சுக்கிட்டு நம்ம ஆளுக கதை எழுத உக்காந்தா அதே மூணு வில்லன்தான் வந்து நிக்கிறான். ஒண்ணு ஸ்கூல்ல மிரட்டுற பணக்காரப் பையன், இல்லைன்னா கொடுங்கோல் அரசாங்கம், இல்லைன்னா அருவாளைத் தூக்குற அப்பா (அப்படி ஆளுக நிஜத்துலயும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லல). என் கட்சி என்னன்னா, பதினாறு வயசுல வர்ற பெரிய சண்டையே நம்ம மேல உசுரையே வச்சிருக்கவங்களோட வர்ற சண்டைதான். அதை எழுதத்தான் எல்லாருக்கும் கை நடுங்குது.

வெளிநாட்டுக் கதைகளையே எடுத்துக்கங்க. 2008ல வந்த ஹங்கர் கேம்ஸ் நாவலை எல்லாரும் சர்வாதிகாரத்தை எதிர்க்கிற கதைன்னுதான் சொல்றாங்க, 24 பிள்ளைகளை அரங்கத்துல விட்டு ஒருத்தர் மிஞ்சற வரைக்கும் அடிச்சுக்க வைக்கிற அரசாங்கம், அது உண்மைதான், ஆனா கதாநாயகி கேட்னிஸ் கிளம்பினது புரட்சி பண்ணவா? குலுக்கல்ல தங்கச்சி பேர் வந்துருச்சேன்னு அவளுக்குப் பதிலா இவளே போறா. அதுக்கும் முன்னாடியே ஒரு சண்டை இருக்கு பாருங்க, அப்பா சுரங்கத்துல செத்ததும் அம்மா ஒடிஞ்சுபோயி பிள்ளைகளைப் பாக்காம உக்காந்துட்டாங்க, பிள்ளைக பட்டினி கிடந்துச்சுக. அந்த அம்மா மேல இருக்கற கோவம் அவளுக்கு லேசுல ஆறல. எனக்கு அந்த அரங்கத்துச் சண்டையை விட இதுதான் மனசுல நிக்குது. 1967ல ஹின்டன் எழுதி வந்த அவுட்சைடர்ஸ் நாவல்லயும் அப்படித்தான். ரெண்டு கோஷ்டி அடிதடிதான் கதைன்னு நினைப்போம், ஆனா அந்த ராத்திரி அவ்வளவு விபரீதத்துக்கும் ஆரம்பம் எது? அப்பா அம்மா இல்லாத தம்பிகளை வளக்குற அண்ணன் ஆத்திரத்துல ஒரு அறை விட்டுர்றான், தம்பி வீட்டை விட்டு ஓடிர்றான். அந்த அண்ணனை வில்லன்னு சொல்ல முடியுமா?

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. செட்டிநாட்டுல இந்த மாதிரிக் கதை தெருவுக்கு நாலு கிடக்கு. ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினஞ்சு பங்காளி, பாதிப் பேர் சென்னை, பாதிப் பேர் சிங்கப்பூர், வீட்டைப் பூட்டி வைக்கவும் முடியல, மராமத்து பாக்கவும் முடியல. அதுல ஒரு பிளஸ் டூ பொண்ணை வச்சுப் பாருங்க. வீட்டை இடிக்கக் குடுத்து பர்மா தேக்குத் தூணு, நிலைக் கதவு எல்லாத்தையும் வித்தாத்தான் அவ காலேஜ் ஃபீஸுக்குக் காசு வரும்னு அப்பா சொல்றாரு. அப்பத்தாவோ நான் கண்ணை மூடற வரைக்கும் முகப்புத் தூணைத் தொடக்கூடாதுங்குது. யாரு தப்பு? அப்பா அவளுக்காகத்தான் விக்கிறாரு, அப்பத்தாவும் அவ கல்யாணம் இந்த வளவுலதான் (வீட்டு நடு முற்றம்) நடக்கணும்னுதான் காத்துக் கிடக்கு. அவளுக்கோ ரெண்டும் வேணும், இல்ல ரெண்டுமே வேணாம், பெங்களூர் போகணும். யாரைப் பாத்துக் கத்துவா அவ?

அதை விடுங்க, பிள்ளை கூட்டுறதை எடுத்துக்கங்க. பிள்ளை இல்லாத வீட்டுக்கு வேற வீட்டுப் பையனை முறையா சுவீகாரம் குடுக்குறது. சிறுகூடல்பட்டியில 1927ல பொறந்த முத்தையா, சுவீகாரம் போன வீட்டுல நாராயணன் ஆனாரு. படிப்பு எட்டாவதோட சரி. இருபது வயசுக்குள்ளயே வீட்டை விட்டுச் சென்னைக்குக் கிளம்பிட்டாரு. அப்புறம் அவரே தனக்கு ஒரு பேரு வச்சுக்கிட்டாரு, கண்ணதாசன்னு. தனக்குள்ள நடக்குற போராட்டம்னு பாடத்துல ஒரு வரியில முடிச்சிர்றாங்களே, அது இதுதான். பெத்த ஆத்தா பக்கத்து ஊர்ல இருக்கு, வளக்குற ஆத்தா முறுக்கு சுட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, ஊர்க் கல்யாணத்துல ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காந்தா அந்தப் பையன் எந்தப் பக்கம் போயி உக்காருவான்? இதுக்கு மேல என்ன வில்லன் வேணும் உங்களுக்கு.

பர்மாவுல ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையனா (வட்டிக்கடையில எடுபிடி வேலை பாக்குற சின்னப் பையன்) அனுப்பின காலத்துக் கதையும் இருக்கு. மீசை முளைக்காத வயசு, கப்பல் ஏத்தி விட்டுட்டா மூணு வருஷம் கழிச்சுத்தான் ஊர் மண்ணு. அனுப்பின அப்பச்சி (எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுமைக்காரர் இல்ல, அவரையும் அப்படித்தான் அனுப்பினாங்க. 1942ல ஜப்பான்காரன் உள்ள வந்ததும் எத்தனையோ பேர் காடு மலையெல்லாம் நடந்தே ஊருக்குக் கிளம்பினாங்க. அந்தக் கூட்டத்துல ஒரு பதினஞ்சு வயசுப் பையனை விட்டா போர், காடு, பசி, காய்ச்சல், விதி எல்லாம் தானா வந்துரும். ஆனா நடை பூரா அவன் மனசுல ஓடறது அப்பச்சி என்னை ஏன் அனுப்பினாருங்கறதாத்தான் இருக்கும்.

காதல் கதைக்கும் பஞ்சமில்ல. எங்க நகரத்தார் வீடுகள்ல ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது, ஒரே கோயில்னா பெரும்பாலும் பங்காளி, அண்ணன் தங்கச்சி முறை ஆயிரும், முன்னப்பின்ன பாத்திருக்கவே வேணாம். பிடிச்ச பொறகு எந்தக் கோயில்னு கேட்டுத் தெரிஞ்சுக்குற ரெண்டு பேரை யாராச்சும் எழுதினீங்களா? இயற்கையோட போராட்டம் எங்களுக்கு மே மாசக் கரண்ட் கட்டு, அதுல பெருசா ஒண்ணும் இல்ல. மெஷினோட போராட்டம்னா ஃபேமிலி வாட்ஸப் குரூப், ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆன்லைன்ல இருந்தியாமேன்னு காலையில இட்லித் தட்டோட கேப்பாங்க.

என் கோவமெல்லாம் முடிவு மேலதான். கதை நல்லாத்தான் போகும், கடைசி ரெண்டு பக்கத்துல அப்பா அழுது மன்னிப்பு கேட்டுருவாரு, இல்லைன்னா பிள்ளை பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு திரும்பி வந்துரும். ரெண்டுமே எழுதுறவங்க தப்பிச்சு ஓடுற வழி. படிக்கிற பிள்ளைக்கு அது பொய்யின்னு தெரியும், ஏன்னா அது வீட்டுல அப்படி எதுவும் முடியல, அப்பா மறுநாளும் அதே மாதிரித்தான் இருக்காரு, அதே மாதிரி ரீசார்ஜும் பண்ணி விடறாரு.

அவுட்சைடர்ஸை எழுத ஆரம்பிச்சப்ப ஹின்டனுக்கு 15 வயசுதான். அதனால காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துப் பிள்ளைக யாராச்சும் எழுதி வச்சிருந்தா எனக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க, முழுசும் படிச்சுட்டுச் சண்டை போட நான் ரெடி. அப்பா கடைசியில அழற கதையா இருந்தா மட்டும் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு அனுப்புங்க.