ஆறு பேருக்கு ஒரு சூட்டா, இரண்டு அறைகளா?

புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா வளாகத்தில் ஐந்தாறு பேர் கொண்ட குடும்பம் சிக்கனமாகத் தங்குவதற்குக் குடும்ப சூட்டே (படுக்கையறையும் கூடமும் சேர்ந்த பெரிய விடுதி அறையே) சிறந்த வழி என்கிறது ஒரு பயணக் கட்டுரை. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. அங்குள்ள டிஸ்னியின் சிக்கன விடுதிகளின் சாதாரண அறையில், தொட்டிலில் உறங்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சேர்க்காமல், நால்வருக்கே இடமுண்டு என்பதும், ஆறு பேருக்கான சூட் அவ்வகை விடுதிகளுள் ஆல்-ஸ்டார் மியூசிக்கிலும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனிலும் மட்டுமே உள்ளது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் கதவுள்ள படுக்கையறை ஒன்றே. மற்ற நால்வரும் கூடத்தில், பகலில் மடித்து வைக்கும் படுக்கைகளில்தான் உறங்க வேண்டும். தாத்தா பாட்டியும் உடன் வரும் குடும்பத்துக்கு இது எந்த அளவுக்கு ஒத்துவரும் என்பதைக் கட்டுரை பேசவே இல்லை.

அறைக் கட்டணம் இரண்டு பெரியவர்களுக்கானது. மூன்றாமவர் முதல், பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் கூடுதல் தொகை உண்டு. ஆகவே நான்கு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் செல்லும்போது, அறைக்கு இரு பெரியவர்களாகப் பிரித்து இரண்டு சாதாரண அறைகளை எடுத்தால் அந்தக் கூடுதல் தொகை எழாது. குளியலறையும் எப்படியும் இரண்டு கிடைத்துவிடும். சூட்டின் மைக்ரோவேவ் அடுப்பு கைக்குழந்தை உள்ளவர்களுக்கு உதவும் என்பதை மறுக்கவில்லை.

போக்குவரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2019 முதல் இயங்கும் ஸ்கைலைனர் கம்பிவட ஊர்தியின் நிலையத்தை ஆர்ட் ஆஃப் அனிமேஷனும் மற்றொரு சிக்கன விடுதியான பாப் செஞ்சுரியும் பகிர்ந்துகொள்கின்றன. ஆல்-ஸ்டார் விடுதிகளுக்கோ பேருந்து மட்டுமே. எனவே பாப் செஞ்சுரியில், இடையே கதவுள்ள இரண்டு அறைகளை முன்பதிவின்போதே கேட்டு, அதே தேதிகளுக்கான சூட் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்கலாம்.